சிரிப்புக்கு ஆளான பிள்ளையின் முகம்

தொல்காப்பியர், உணர்ச்சியின் வெளிப்பாடான மெய்ப்பாடு எட்டு என்றார். அந்த எட்டையும் கையில் வைத்துக்கொண்டு, கடந்த நூறு ஆண்டுகளில் அச்சான தமிழ்க் குழந்தைப் பாடல்களைப் புரட்டினால் ஒரு கணக்கு தட்டுப்படும். நகையும் உவகையும் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். நிலா, ரயில், யானை, மழை என்று மருட்கைக்கும் பஞ்சமில்லை. பெருமிதத்தை நாட்டுப்பற்றுப் பாடல்கள் பார்த்துக்கொள்கின்றன. அச்சம் வருகிறது, ஆனால் பெரும்பாலும் ‘அஞ்சாதே’ என்ற கட்டளையாகத்தான் வருகிறது. பயந்த பிள்ளை பயந்தபடியே நிற்கும் பாட்டு அரிது. வெகுளி அதைவிட அரிது. இளிவரலைத் தேடிப் போனால் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இளிவரல் என்பது தாழ்வுபட்டுக் கூசி நிற்கும் நிலை. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கில் அது பிறக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். மென்மைக்கு வறுமை என்று பொருள் கொள்கிறார் உரையாசிரியர் பேராசிரியர். மூப்பைத் தள்ளிவிட்டால் மீதி மூன்றும் எந்த ஊராட்சிப் பள்ளியின் மதிய உணவு வரிசையிலும் நிற்கின்றன. காலில் காலிபர் மாட்டி நடக்கும் பிள்ளை, போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் விளங்காமல் விழிக்கும் பிள்ளை, பையின் கிழிந்த பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைக்கும் பிள்ளை.

நகைக்கும் அதே நூல் நான்கு காரணம் சொல்கிறது. முதலாவது எள்ளல். பேராசிரியர் இதை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. இரண்டாவது வகையைப் பார்க்காத தொடக்கப்பள்ளி ஆசிரியர் இருக்க முடியாது. வகுப்பே சிரிக்கும்போது கேலிக்கு ஆளான பையனும் சேர்ந்து சிரிக்கிறான். வேறு என்ன செய்வான்?

நம் குழந்தைப் பாடல் இந்த முதல் வகை எள்ளலோடு நின்றுவிட்டது என்பது என் எண்ணம். தொந்தி, வழுக்கை, திக்குவாய், கறுத்த மேனி, அசட்டு வேலைக்காரன் ஆகியவை சிரிப்புப் பாடல்களின் நிரந்தரச் சரக்கு. இதற்குக் கவிஞர்களின் மனத்தைக் குறை சொல்வதில் பயனில்லை. காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. குழந்தைப் பாடல் கூட்டமாகப் பாடப்படுவது. கூட்டத்தின் குரல் சிரிப்பவர்களின் குரல். சிரிக்கப்படுபவன் ஒற்றை ஆள். அவனுக்குத் தனிச்சரணம் கிடையாது. அவன் முகத்தைக் காட்ட வேறொரு கருவி வேண்டும். அந்தக் கருவி படம்.

படம் நம் குழந்தைக் கவிதைக்குள் வந்த கதை விசித்திரமானது. பாரதியின் பாப்பா பாட்டு 1915ஆம் ஆண்டினது. அது சாதி வேற்றுமையை மறுக்கிறது, ஓடி விளையாடச் சொல்கிறது, அன்பு செய்யச் சொல்கிறது. எல்லாம் பெரியவர் குரலில், பிள்ளையின் முகம் பார்த்துச் சொல்லப்படுகின்றன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலக் குழந்தைக் கவிதைகள் சிலவற்றின் மென்மையைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்தார். அழ. வள்ளியப்பா 1944ல் ‘மலரும் உள்ளம்’ என்ற சிறு தொகுதியோடு வந்தார். வங்கி வேலை பார்த்துக்கொண்டே ஒரு தலைமுறையின் நாக்கில் பாட்டை ஏற்றினார். 1950ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் அமைத்தார். இவர்கள் பாடல்கள் பிள்ளைகளுக்குக் காது வழியே போய்ச் சேர்ந்தன. எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே பாட்டு மனப்பாடமாகிவிடும். அப்படிப்பட்ட பாட்டுக்குப் படம் எதற்கு? தலைப்புக்கு மேலே மாம்பழம், ஓரத்தில் கிளி, இடம் மிஞ்சினால் ஒரு பந்து. படம் அச்சிடும் வரிப்பிளாக் ஒன்றைப் பல பாட்டுக்குப் பயன்படுத்தினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். 1947ல் தொடங்கிய அம்புலிமாமா, படம் பார்த்தே கதை புரியும் அளவுக்குப் பக்கம்தோறும் ஓவியம் தந்தது. கதைக்குக் கிடைத்த அந்த மரியாதை பாட்டுக்குக் கிடைக்கவில்லை.

அச்சுக்கு முந்திய ஏடறியாப் பாட்டில் நிலைமை வேறு. தாலாட்டில் அழுகை உண்டு. அழும் பிள்ளையிடம் யார் அடித்தார் என்று அத்தை, மாமன், பாட்டி என உறவுகளை வரிசையாக நிறுத்திக் கேட்பாள் தாய். அந்தச் சாக்கில் தன் மனக்குறையையும் பாடிவிடுவாள். பிள்ளையில்லாமல் ஊர்ப்பேச்சுக்கு ஆளான காலத்தின் இளிவரல்கூட அங்கே இருக்கும். அச்சு வந்தபோது பாட்டு தாயின் மடியிலிருந்து இறங்கி ஆசிரியரின் மேசைக்குப் போனது. அங்கே போனபின் அதற்கு அழ நேரமில்லை.

சிரிக்கப்படும் பிள்ளையின் முகம் எங்கே என்ற கேள்வியை நான் சென்னைக்குத் தெற்கே உள்ள தாம்பரத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2021ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான மாநகராட்சி இது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை. விமானப்படைத் தளம் இருப்பதால் வடக்கத்திக் குடும்பங்கள், கிறித்தவக் கல்லூரி 1937ல் இங்கே வந்ததிலிருந்து வடகிழக்கு, வெளிநாட்டு மாணவர்கள், பல்லாவரத்தில் உருது, அனகாபுத்தூரில் நெசவு, கட்டடம் எழும் இடமெல்லாம் வங்காளமும் ஒடியாவும் இந்தியும். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரே பிணியிலிருந்து வந்தது. காசநோயாளிகளை நகரத்துக்கு வெளியே வைத்துப் பார்க்க டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928ல் அமைத்த மருத்துவமனை அது. ஊர் அதைச் சுற்றி வளர்ந்து, பெயரின் பழைய அச்சத்தை மறந்தேவிட்டது. கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போனால் கண்ணகி நகர். நகருக்குள்ளிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் குடியிருப்பு அது. வேலை கேட்டுப் போகும் இளைஞர்கள் முகவரி சொல்லக் கூசுவதாகப் பல ஆண்டுகள் செய்தி வந்துகொண்டிருந்தது. 2020ல் அதன் அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்தைப் பல மடங்கு மிஞ்சிய முகங்களை ஓவியர்கள் தீட்டினார்கள். சுவரோவியம் குடிநீர் தராது என்ற குறை நியாயமானதுதான். ஆனால், இளிவரல் ஒட்டிய ஓர் இடப்பெயரைப் படம் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

சொல் ஒன்றும் சொல்லாதபோது படம் மட்டும் ஒரு பிள்ளையின் அடையாளத்தைச் சொன்ன புகழ்பெற்ற நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962ல் வெளியிட்ட ‘தி ஸ்னோயி டே’ என்ற படப்புத்தகத்தில் பீட்டர் என்ற சிறுவன் பனியில் விளையாடுகிறான், அவ்வளவுதான். அவன் கறுப்பினச் சிறுவன் என்று எழுத்தில் எங்கும் இல்லை, படத்தில்தான் இருக்கிறது. மூன்றாண்டு கழித்துக் கல்வியாளர் நான்சி லாரிக் ஒரு கணக்கெடுத்துக் கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 குழந்தைப் புத்தகங்களில் 349ல் மட்டுமே, அதாவது நூற்றுக்கு 6.7 பங்கில், கறுப்பின மனிதர் ஒருவராவது இருந்தார். அந்தக் கட்டுரையில் லாரிக் கீட்ஸையும் விட்டுவைக்கவில்லை. பீட்டரின் தாயை மஞ்சள் கட்டம்போட்ட பகட்டு உடையில் பெருத்த உருவமாக வரைந்தது பழைய ஏளனச் சித்திரத்தின் மிச்சம் என்று குத்திக்காட்டினார். எனக்கு இந்தக் கண்டனம்தான் முக்கியமாகப் படுகிறது. படம் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுக்கும் அதே பக்கத்தில் அவன் தாயை எள்ளவும் முடியும்.

நம் ஊர்க் கடைவீதியில் தொங்கும் மழலையர் பாட்டு அட்டைகளைப் பாருங்கள். தாம்பரம் மார்க்கெட்டானாலும் குரோம்பேட்டை பேருந்து நிறுத்தமானாலும், அவற்றில் ஆடும் பிள்ளைகளுக்கு ரோஜா நிறக் கன்னம், செம்பட்டை முடி. பாட்டு தமிழ். பிள்ளை எந்த ஊர் என்று சொல்ல முடியாது. பாட்டில் ஒரு வரி தப்பாக இருந்தால் பெற்றோர் கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தில் தங்கள் பிள்ளையே இல்லை என்பது கண்ணில் படுவதில்லை.

சென்னையில் இதற்கு மாறாக வேலை நடந்த இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ராதிகா மேனன் 1996ல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் 1999ல் ஷீலா திர் எழுதி வரைந்த ‘ஒய் ஆர் யூ அஃப்ரெய்ட் டு ஹோல்ட் மை ஹேண்ட்?’ என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. எளிய செய்யுள். மாற்றுத்திறனுள்ள ஒரு பிள்ளையைப் பார்க்கிறவர்களின் இரக்கமும் ஒதுக்கமும் சங்கடமும் ஒரு பக்கம்; அந்தப் பிள்ளையின் பதில் மறுபக்கம். ஒற்றை ஆளுக்குத் தனிச்சரணம் கிடையாது என்று மேலே சொன்னேன். இங்கே கிடைத்திருக்கிறது. அதைச் சாத்தியமாக்கியது திறந்து வைத்த புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். பாடும்போது இரண்டு குரலையும் ஒரே வாய்தான் பாட வேண்டும். கேட்பவருக்கு எது யாருடையது என்று குழம்பும். பார்க்கும்போது குழப்பமில்லை. இளிவரலைச் சொல்லால் விவரித்தால் அது கழிவிரக்கமாகச் சரிந்துவிடும் ஆபத்து உண்டு. முகத்தைக் காட்டிவிட்டால் சொல் குறும்பாகவோ கோபமாகவோ இருக்கலாம்.

மற்றொன்று திருவான்மியூரில் இயங்கும் தாரா புக்ஸ். கீதா வுல்ஃப் 1994ல் தொடங்கியது. ‘தி வெரி ஹங்ரி லயன்’ என்ற கதையின் மாதிரிப் பிரதியைக் கைத்திரை அச்சில் செய்து ஃபிராங்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குக் கொண்டுபோக, கனடாப் பதிப்பகம் ஒன்று 8,000 பிரதி கேட்டது. கையால் செய்ததுபோலவே வேண்டும் என்றார்கள். கையால் 8,000! ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரை. நான்கு வண்ணமென்றால் ஒவ்வொரு தாளும் நான்கு முறை ஆளின் கைக்குக் கீழே போய்க் காய வேண்டும். அந்த ஆர்டருக்காகக் கூடியவர்களிடமிருந்துதான் ஆறுமுகம் தலைமையிலான ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்ற கைத்திரை அச்சுக்கூடம் உருவாயிற்று. போபாலின் கோண்ட் ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்காபாய், ராம்சிங் ஊர்வேதி மூவரும் வரைந்து கறுப்புத் தாளில் அச்சான ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ இந்த வழியில் வந்ததே. 2008ல் பொலோனியா குழந்தைப் புத்தகச் சந்தையின் ‘புதிய எல்லைகள்’ விருது அதற்குக் கிடைத்தது.

கவிதை என்று வந்தால் அனுஷ்கா ரவிசங்கர் எழுதி, புலக் பிஸ்வாஸ் வரைந்த ‘டைகர் ஆன் எ ட்ரீ’யைத்தான் எடுத்துக்கொள்வேன். 1997ல் வந்தது. கறுப்பும் ஆரஞ்சும் மட்டும். புலி ஒன்று கரையேறி, ஆட்டின் கத்தலுக்குப் பயந்து மரமேறிவிடுகிறது. ஊர் கூடிப் பிடிக்கிறது; பிடித்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் விவாதிக்கிறது; கடைசியில் விட்டுவிடுகிறது. மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்குச் சொன்ன நான்கு காரணங்களில் விலங்கும் ஒன்று. இங்கே அச்சப்படுவதே விலங்கு. சொற்கள் ஊராரின் கூச்சலாகத் தாவுகின்றன, எழுத்துகளே ஏறி இறங்குகின்றன. ஆனால் கண் போய் நிற்பது கிளையில் ஒடுங்கியிருக்கும் புலியின் முகத்தில். பாட்டு கூட்டத்தின் பக்கம். படம் தனியாள் பக்கம். இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பதால்தான் அந்தப் புத்தகம் நிற்கிறது. பன்மை என்ற சொல் அதில் இல்லை, உணர்ச்சி என்ற பாடமும் இல்லை.

பக்கம் திருப்புவதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்யுளில் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடைவெளி ஒரு மூச்சு. படப்புத்தகத்தில் அந்த இடைவெளி ஒரு தாளின் கனம். விரல் தாளைப் பிடித்திருக்கும் நேரத்தில் பிள்ளை தானே ஒன்றை எதிர்பார்க்கிறது, பயப்படுகிறது, சிரிக்கத் தயாராகிறது. உணர்ச்சி நடக்கும் இடம் அதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு படம் என்று அச்சிட்டால் எவ்வளவு வண்ணம் போட்டாலும் அது பழைய மாம்பழப் பிளாக்தான்.

நான் சொன்ன இந்தச் செய்யுள்கள் பிறந்த மொழி ஆங்கிலம் என்பதை மறைப்பதற்கில்லை. திருவான்மியூரிலிருந்து தாம்பரத்துக்கு வேளச்சேரி, மேடவாக்கம் வழியாகப் பேருந்து இருக்கிறது. புத்தகம் அந்தப் பாதையில் அவ்வளவு எளிதாக வந்து சேருவதில்லை. விலை ஒரு தடை. மொழிபெயர்ப்பு அதைவிடப் பெரிய தடை. தூலிகா ஆங்கிலத்தோடு எட்டு இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. இப்படிப் பல மொழியில் படப்புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு தொழில் உத்தி உண்டு. எழுத்தைக் கறுப்பில் மட்டும் வைத்துக்கொண்டால், மொழி மாறும்போது நான்கு அச்சுத் தகட்டில் கறுப்பை மட்டும் மாற்றினால் போதும். படம் அசையாது. செலவு பகிர்ந்துவிடும். உரைநடைக் கதைக்கு இது வரம். செய்யுளுக்கோ விலங்கு. படத்தில் முதலை வரைந்தாயிற்று. அதை நரியாக்க முடியாது. முதலைக்குச் சொல் முழுதும் ஒலி ஒத்த எதுகை தேடினால் மதலையும் குதலையும்தான் வந்து நிற்கும். இரண்டும் இன்றைய பிள்ளைக்கு அகராதிச் சொற்கள். ஆகவே மொழிபெயர்ப்பாளர் எதுகையைக் கைவிட்டு உரைநடையை மடக்கிப் போடுகிறார். பிள்ளை அதை ஒருமுறை கேட்கும், இரண்டாம் முறை கேட்காது. தமிழில் எதுகை அலங்காரமல்ல. பிள்ளையின் நினைவு பிடித்து ஏறும் படி அது. எனவே படத்துக்குத் தமிழில் புதிதாகப் பாட்டுக் கட்டுவதுதான் வழி. அதற்குக் கவிஞர் தேவை. மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் பக்கக் கூலியில் அவர் கிடைக்கமாட்டார்.

கவிஞர்கள் இல்லாமல் இல்லை. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2010ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே புதுச்சேரி ம. இலெ. தங்கப்பாவின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’க்கு வந்தது. 2018ல் கிருங்கை சேதுபதியின் ‘சிறகு முளைத்த யானை’ பெற்றது. இரண்டும் குழந்தைக் கவிதை நூல்கள். உரைநடைப் பக்கம் இன்னும் துணிச்சல் தெரிகிறது. ஆட்டிச நிலைச் சிறுவனை மையமாக்கி யெஸ். பாலபாரதி ‘துலக்கம்’ நாவலை எழுதினார். தொடுகை பற்றிச் சிறார்களோடு பேசும் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ அவருக்கு 2020ன் பால சாகித்திய விருதைத் தந்தது. உரைநடை போன இடத்துக்குப் பாட்டு இன்னும் போகவில்லை.

இடையில் ஒரு கேள்வி. கண் தெரியாத பிள்ளைக்கு இந்தப் படவாதமெல்லாம் என்ன ஆகும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல. மெனேனா கோட்டின் எழுத, ரோசானா ஃபாரியா வரைந்து ஸ்பானிய மொழியில் வந்த ‘வண்ணங்களின் கறுப்புப் புத்தகம்’ இதற்கு ஒரு பதில். முழுக்கக் கறுப்புப் பக்கங்கள், மேடாக எழும்பிய கறுப்புக் கோடுகள், கூடவே பிரெய்ல். நிறங்களைச் சுவையாலும் மணத்தாலும் தொடுகையாலும் சொல்கிறது. அதில் திணறுவது பார்வையுள்ள பிள்ளைதான். பொலோனியாவின் அதே ‘புதிய எல்லைகள்’ விருது 2007ல் இதற்குக் கிடைத்தது. மறு ஆண்டு சென்னைக் கறுப்புத் தாள் புத்தகத்துக்கு. இரண்டு கறுப்புப் புத்தகங்கள் அடுத்தடுத்து வென்றது தற்செயலாகவே இருக்கலாம்.

இப்போது ‘உணர்ச்சி’, ‘பன்மை’ என்று நெற்றியில் எழுதி ஒட்டிய புத்தகங்கள் ஏராளமாக வருகின்றன. பெரும்பாலானவற்றின் கடைசிப் பக்கம் ஒன்றுதான்: பல நிறப் பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்பார்கள், சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை ஓரத்தில் இருக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். அந்த நாற்காலிப் பிள்ளைக்கு முந்தைய பக்கங்களில் ஒரு சேட்டை உண்டா, ஒரு பொய் உண்டா, யார் மேலாவது ஆத்திரம் உண்டா என்று பார்ப்பேன். இருக்காது. நல்ல பிள்ளையாக இருந்தால்தான் வட்டத்தில் சேர்ப்போம் என்பதுபோல இருக்கிறது அது. பாப்பாவைத் திருத்த எழுதிய பாட்டு இருந்த இடத்தில், பாப்பாவின் வகுப்பைத் திருத்த எழுதிய பாட்டு உட்கார்ந்திருக்கிறது.

அச்சுச் செலவு இனிமேலும் சாக்கு ஆகாது. பள்ளிக்கல்வித் துறை 2022ல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களைத் தொடங்கியது. 2023ல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. தனியார் பதிப்பகம் ஆயிரம் பிரதி போட்டு விலைக்குத் திணறும் இடத்தில், அரசு அச்சடிக்கும் அளவில் நான்கு வண்ணம் ஒரு பிரதிக்குச் சில்லறைக் காசாகிவிடும். பரங்கிமலை ஒன்றியத்துப் பள்ளியிலும் அது இலவசமாகவே கிடைக்கும். மாற வேண்டியது வேலை நடக்கும் வரிசை. இன்று கவிஞர் பாட்டை முடித்து அனுப்புகிறார். ஆசிரியர் குழு திருத்துகிறது. பிறகு ஓவியரிடம் போகிறது, பெரும்பாலும் அவசரமாக. ஓவியர் பாட்டில் உள்ளதையே வரைகிறார். யானை என்றால் யானை. ஓவியரும் கவிஞரும் எழுத்துக்கு முன்பே ஒரு மேசையில் உட்கார வேண்டும். பாதிப் பாட்டைப் படம் விழுங்கிக்கொள்ளக் கவிஞர் சம்மதிக்க வேண்டும். அந்தப் பேச்சில், வகுப்பு முழுதும் சிரிக்கும் வரி வரும்போது பக்கத்தில் யார் முகத்தை வரைவது என்று ஓவியர் கேட்பார். கவிஞர் அந்த வரியை வைத்துக்கொள்ளலாம், அடிக்கலாம், அல்லது அந்த முகத்துக்கு ஒரு சரணம் எழுதலாம்.